போன் காட்டிய அமாவாசை

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குத் தெருவில் தறிச் சத்தம் கேட்டுக் காவேரி திடுக்கிட்டு விழித்தாள்.

கேட்கக் கூடாத சத்தம் அது. அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. ஊரில் மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, நெசவுக்காரர்களுக்கு அமாவாசை அப்படி. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் தெரு வாயை மூடிக்கொண்டு கிடக்கும். இன்றைக்கோ எதிர்வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டில் இரண்டு என்று எல்லாத் தறிகளும் வழக்கம்போலத் தடதடத்துக்கொண்டிருந்தன.

பாயில் எழுந்து உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தாள். இன்று அமாவாசை என்று போன் சத்தியம் செய்தது.

சமையலறைக்கு ஓடினாள். அம்மா தையல்நாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இன்னிக்கி அமாவாசை இல்லியா?"

"நாளைக்குடி."

"போன்ல இன்னிக்கின்னு போட்டிருக்குதே!"

"போன்ல போட்டா? தெருவுல லீவு வுட்டுருவாங்களா?"

சுவரில் தினசரிக் காலண்டர் நேற்றைய தாளோடு தொங்கியது. கிழித்தாள். 'சதுர்த்தசி பிற்பகல் 3.41 வரை, பின்பு அமாவாசை' என்று பொடி எழுத்தில் இருந்தது. திதி பிறக்கிற நாளைப் போன் பிடித்துக்கொண்டது. சூரியன் உதிக்கும்போது திதி இருக்கிற மறுநாளைத் தெரு வைத்துக்கொண்டது. இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பெண், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனைக் கேட்டாள்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்கள் மூச்சிரைக்க வேண்டாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காவேரிக்குப் பதினெட்டு வயது. பி.காம். முதலாண்டு சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சேர்க்கும்போது அப்பா சபாபதி போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். தறி நிற்கக் கூடாது.

அவர் கொடுமைக்காரர் இல்லை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய ஓராளால் ஆகாது. நெய்கிறவர் குழியில் கால் விட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய ஓடமான நாடாவை ஒவ்வோர் இழைக்கும் தள்ளி இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து இடம் எட்டாம் வகுப்பிலிருந்து காவேரியுடையது. காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை உட்காருவாள். கல்லூரி ஒன்றே முக்காலுக்கு விட்டதும் ஓடி வந்து இரண்டரையிலிருந்து ஏழு வரை உட்காருவாள். அவளுக்கு முன்னால் அது இருபது வருடம் அம்மாவின் இடம். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிக் கழுத்தெலும்பு தேய்ந்துபோய், இனி அங்கே உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மகள் கைக்கு வந்தது.

ஆகவே கல்லூரியில் காவேரி எதற்கும் இருந்ததில்லை. புது மாணவர்களுக்கு வரவேற்பு விழா நடந்தது, அவள் இல்லை. வேட்டி சேலை தினம் கொண்டாடினார்கள், அவள் இல்லை. மன்றங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்த்த அன்று மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு மேசையாகப் போனாள். நாடகக் குழுவில் கேட்டார்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தில் கேட்டார்கள், போட்டோ எடுக்கிற குழுவில்கூடக் கேட்டார்கள், "கிளாஸ் முடிஞ்சி இருப்பியாம்மா?" என்று. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்லிவிட்டு, கடைசி மேசையும் தீர்ந்ததும் பஸ் பிடிக்கப் போனாள். வீட்டில் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

தமிழ் மன்றச் செயலாளர் திரிஷாதான் விடவில்லை. மூன்றாமாண்டு மாணவி. வகுப்புக் கருத்தரங்கில் காவேரி பேசியதைக் கேட்டுவிட்டு, முதலாண்டுப் பட்டிமன்றத்தில் கடைசிப் பேச்சாளர் நீதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அரங்கம் புதனும் காலி, வியாழனும் காலி. எந்த நாள் வைக்கலாம்?

காவேரி போனைப் பார்த்தாள். "புதன் வெச்சுக்கங்கக்கா. அன்னிக்கி அமாவாசை, எனக்கு லீவு" என்றாள்.

அவளுக்காகவே புதன்கிழமை ஆனது. நடுவராக வர ஒப்புக்கொண்ட கிறிஸ்டோபர் சார் அன்றைக்கு எடுத்திருந்த விடுப்பைக்கூட ரத்து செய்தார். லீவு நாள்தானே என்று காவேரி அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சுருக்கமாகச் சொல்வதாகச் சொன்னேன், கொஞ்சம் நீண்டுவிட்டது. கதைக்கு வருவோம்.

சபாபதி ஏற்கெனவே குழியில் இருந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. மகள் முகம் கழுவி வந்து உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்லப்பா. ஏன் எழுப்பல?"

"உங்கம்மாதான் தூங்கட்டும்னா. ரெண்டு நாளா எதையோ எழுதிக்கினே இருக்கியாம்." மிதியை மிதித்தார். "இன்னும் ஒரு முழம் இருக்குது. ஒரு மணி நேரம் போயிடுச்சு. சரி, வுடு. மத்தியானம் எங்கியும் நிக்காத வந்துரு. ஏழு மணிக்குப் புடவைக்கு ஆள் வந்துருவாரு."

ஒரு முழம் நெய்ய ஆறு மணி நேரம் ஆகும். இன்று தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டிய கல்யாணப் புடவை அது. நாளை அமாவாசை, மறுநாள் பாட்டிமை என்கிற பிரதமை, ஆகாத நாள்கள் என்று இரண்டு நாளும் கூரைப்புடவை கைமாறாது. சனிக்கிழமை பெண்ணுக்கு நலுங்கு. முப்பது வருடத்தில் சொன்ன நாளில் புடவை கொடுக்காமல் சபாபதி இருந்ததில்லை. அதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார். பல் தேய்ப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களா என்ன?

காவேரி ஒன்றேகால் மணி நேரம் நாடாவைத் தள்ளினாள். வாய் வரை வந்த வார்த்தையை ஒவ்வோர் இழைக்கும் விழுங்கினாள்.

எட்டு மணிக்குச் சமையலறையில் அம்மாவிடம் கொட்டினாள்.

"ரெண்டு மணிக்கும்மா. எனக்காகத்தான் இன்னிக்கி வெச்சாங்க. இப்ப நானே வரலேன்னு எப்படிம்மா சொல்றது?"

தையல்நாயகி டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதத்தை அழுத்தி வைத்தாள். "எத்தினி மணிக்கு முடியும்?"

"நாலு, நாலரை ஆவும். வீட்டுக்கு வர அஞ்சு."

"ம்."

"போன் பண்ணி ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்" என்றாள் காவேரி. சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"எதுக்கு பொய்யி? நீ கெளம்பு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"தறிம்மா?"

"நீ அஞ்சு மணிக்கு வந்து உக்காரு. முடிஞ்சிடும்."

முடியாது. பக்கத்தில் ஆளில்லாமல் மாலை ஐந்து மணி வரை தறி சும்மா கிடந்தால், எப்படிக் கூட்டினாலும் ஏழு மணிக்குப் புடவை முடியாது. பி.காம். படிக்கிறவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? போட்டால் போக முடியாது என்பதும் தெரியும். அதனால் காவேரி அந்தக் கணக்கைப் போடவில்லை. டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பத்து மணிக்குத் தையல்நாயகி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, மகளின் இடத்தில் உட்கார்ந்தாள்.

சபாபதி மிதியிலிருந்து காலை எடுத்தார். "இன்னா இது?"

"காவேரி வர அஞ்சு மணி ஆவும். காலேஜுல மேடையேறிப் பேசுறா."

"எங்கிட்ட சொல்லல?"

"அமாவாசைன்னு நெனச்சிக்கினா. போன் பாத்துட்டு."

சபாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது. "எழுந்திரு. டாக்டரு இன்னா சொன்னாரு?"

"டாக்டரா வந்து கரை இழுப்பாரு? மிதிங்க."

"கழுத்து புடிச்சிக்கினா நான்தான் மாவாட்டணும்."

"ஆட்டுங்களேன். கை தேஞ்சா போயிடும்?"

மிதித்தார். அவள் நாடாவைத் தள்ளினாள். முதல் பத்து இழை தடுமாறியது. அப்புறம் கைக்குப் பழைய வழி தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தானாகவே பேச்செடுத்தார். அவருடைய தங்கை மருமகளோடு சண்டை போட்ட கதை. அடுத்து, ஐயம்பேட்டையில் உறவுக்காரர்கள் கட்டிய வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதில் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்ட கதை. தையல்நாயகிக்கு ஆச்சரியமாக இருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது? தனக்கு ஏன் தெரியாது?

"இதெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"எங்க சொல்றது? நீ அடுப்பாண்ட இருக்கிற, நான் குழியில இருக்கேன். உன் பொண்ணு காதுல ஒயர மாட்டிக்கினு உக்காந்துக்கிறா. நான் மூணு வார்த்த பேசுனா ஒரு 'ம்' வரும்."

அவளும் நினைத்துப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருபது வருடம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருவரும் பேசியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், பேசாமல் இருந்திருக்கிறார்கள். இடத்தை மகளுக்குக் கொடுத்தபோது பேச்சும் சேர்ந்து போய்விட்டது. ஐந்து வருடமாக அதை இருவருமே கவனிக்கவில்லை. கவனிக்க எங்கே நேரம்? படுத்தால் தூங்கிவிடுகிற அளவுக்கு இருவருக்கும் அலுப்பு.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. மிதிங்க."

மதியம் சாப்பிட எழுந்தபோதே கழுத்தில் சுரீர் என்றது. சொல்லவில்லை.

அரங்கத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். காவேரிக்கு இரண்டாயிரம் பேர் மாதிரித் தெரிந்தது. 'கல்லூரியில் நாம் அதிகம் கற்பது வகுப்பறையிலா, வகுப்பறைக்கு வெளியிலா?' என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அவள் அணி, வெளியில்தான் என்று பேச வேண்டும்.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் இளவரசன். அதே வகுப்பு. அவனுடைய அப்பா ஊராட்சித் தலைவர். மைக்கைக் கண்டால் மகனுக்கும் குரல் தானாக மாறிவிடும்.

"நடுவர் அவர்களே! எனக்குப் பிறகு பேச ஒரு தோழி காத்திருக்கிறார். எல்லாம் வகுப்புக்கு வெளியில்தான் இருக்கிறது என்று சொல்லப்போகிறார். நான் உங்களைக் கேட்கிறேன், அந்தத் தோழியை வகுப்புக்கு வெளியில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

அரங்கம் சிரித்தது.

"வரவேற்பு விழாவில் பார்த்தீர்களா? விளையாட்டு விழாவில் பார்த்தீர்களா? மணி அடித்தால் முதல் பஸ்ஸில் முதல் சீட்டில் பார்க்கலாம். வெளியிலேயே வராதவர் வெளியைப் பற்றிப் பேசுவது, தண்ணீரைப் பார்க்காதவர் நீச்சல் சொல்லிக்கொடுப்பது அல்லவா!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. காவேரியின் அணிக்காரர்களே தட்டினார்கள். நடுவர் நாற்காலியில் கிறிஸ்டோபர் சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பெயரைப் படித்தார்.

இரண்டு நாள் எழுதிய தாள் கையில் இருந்தது. அதில் ஒரு வரிகூட இதற்குப் பதிலாக இல்லை. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் காலையிலிருந்து பயந்து பயந்து அவளிடம் பயம் தீர்ந்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது களைப்பு மட்டும்தான். தாளை மடித்து வைத்தாள்.

"இளவரசன் சொன்னது உண்மைதான்" என்றாள். "நான் எதுக்குமே வந்ததில்ல. வந்தவங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு அவங்க சொல்லட்டும். வராதவ என்ன கத்துக்கிட்டான்னு நான் சொல்றேன்."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"ஒவ்வொரு விழாவுக்கும் மறுநாள் காலையில நீங்க எல்லாரும் சிரிச்சிக்கினே கிளாஸுக்குள்ள வருவீங்க. முந்தின நாள் யாரோ மேடையில வழுக்கி விழுந்திருப்பாங்க, யாரோ பாட்ட மறந்திருப்பாங்க. ஒருத்தர் பாதி சொன்னதும் எல்லாரும் சிரிப்பீங்க. மீதியச் சொல்லவே வேணாம், எல்லாருக்கும் தெரியும். நான் நடுவுல உக்காந்துக்கினு எதுக்குன்னே தெரியாம சேந்து சிரிப்பேன். தெரியலேன்னு சொல்ல வெக்கமா இருக்கும். மூணு மாசமா அப்படித்தான் சிரிக்கிறேன்."

நடுவர் பக்கம் திரும்பினாள்.

"வகுப்பறையில நான் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல. கணக்குப்பதிவியல் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா இந்த அரங்கத்துல இருக்கிறவங்கள்ல பத்து பேரு பேருகூடத் தெரியாது. நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. நேத்து நடந்த பாடத்த நெனச்சு இன்னிக்கிக் காலையில சிரிச்சிக்கினு வந்தவங்க யாராச்சும் இருந்தா கை தூக்கச் சொல்லுங்க. ஒருத்தர் தூக்கினாலும் நான் தோத்ததா ஒத்துக்குறேன்."

ஒரு கையும் எழவில்லை. இளவரசன்தான் முதலில் தட்டினான். அதன் பிறகு எழுந்த சத்தம் அடங்க ஒரு நிமிடம் ஆனது. காவேரி மேடையிலேயே நின்று அதைக் கேட்டாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை என்று தோன்றியது.

அதே நேரம், மூன்றேகால் மணிக்கு, தையல்நாயகியின் கையிலிருந்து நாடா நழுவிக் கீழே விழுந்தது.

எடுக்கக் குனிந்தாள். குனிய முடியவில்லை. நிமிரவும் முடியவில்லை. கழுத்து அப்படியே பூட்டிக்கொண்டது.

"ஏய்... தையலு..." சபாபதி குழியிலிருந்து தாவி ஏறினார்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிசம். இன்னும் கொஞ்சந்தானே..."

"கொஞ்சமாவது ஒண்ணாவது! வாய மூடு." கோபமில்லை. பயந்துபோயிருந்தார். அவளைக் கைத்தாங்கலாக அறைக்குள் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கடியில் கொடுத்தார். தைலம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலமாரியை எல்லாம் கலைத்தார்.

"காவேரிக்குப் போன் பண்ணாதீங்க" என்றாள் கண்ணை மூடிக்கொண்டே.

"பண்ணல."

"ஆள் ஏழு மணிக்கு வந்துருவாரு. நீங்க போங்க."

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு போய்க் குழியில் இறங்கினார். எட்டி எட்டி இரண்டு பக்கமும் தானே தள்ளிப் பார்த்தார். இரண்டு பேர் பத்து இழை போடுகிற நேரத்தில் ஒருவரால் மூன்றுதான் போட முடிந்தது.

வெளியில்தான் அதிகம் கற்கிறோம் என்று கிறிஸ்டோபர் சார் தீர்ப்புச் சொன்னபோது மணி மூன்றே முக்கால். உடனே கிளம்பியிருந்தால் நாலரைக்கு வீடு. ஆனால் அரங்கத்துக்குப் பின்னால் பேச்சாளர்களுக்கு டீயும் சமோசாவும் வைத்திருந்தார்கள். இளவரசன் காகிதத் தட்டில் இரண்டு சமோசாவைக் கொண்டுவந்து நீட்டினான்.

"மன்னிச்சிக்க காவேரி. மேடைன்னா அப்படித்தான் பேசுவேன்."

"பரவால்ல. எனக்குப் பேச விஷயமே உன்னாலதான் கெடச்சது."

ஐந்து நிமிடம் என்று நினைத்தாள். ஐந்து பத்தானது, பத்து நாற்பதானது. யாரோ ஒருவன் பேச்சுக்கு நடுவில் 'நடுவர் அவர்களே' என்பதற்குப் பதிலாக 'நர்ஸ் அவர்களே' என்று சொன்னதை எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காவேரியும் சிரித்தாள். இந்தத் தடவை எதற்கென்று தெரிந்து சிரித்தாள்.

வீட்டுப் படியேறியபோது மணி ஐந்து பத்து. உள்ளேயிருந்து தைல வாசனை வந்தது.

சபாபதி குழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. மகளைப் பார்த்ததும் நாடாவை வைத்தார்.

"அம்மா எங்கப்பா?"

"உள்ள படுத்துக்கினு இருக்குறா."

காவேரியின் கண் தானாகப் புடவைக் கரைக்குப் போனது. காலையில் அவள் விட்ட இடத்திலிருந்து, முடிய நாலு விரற்கடைதான் பாக்கி என்கிற அளவுக்குக் கரை நெய்திருந்தது. அவள் இழுப்பதைவிட ஒரு நூல் இறுக்கமான கை. கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"அம்மாவா உக்காந்துச்சி?"

"பின்ன? பத்து மணிக்கு உக்காந்தா, மூணேகாலுக்குக் கழுத்து புடிச்சிக்கிச்சு. நீ வர்ற வரைக்கும் புடவை தானா வளருமா?" திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது காவேரிக்கு.

அறை வாசலில் போய் நின்றாள். தையல்நாயகி மல்லாந்து படுத்திருந்தாள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா பேசினியா?"

"ம். எங்க சைடுதாம்மா ஜெயிச்சிது. ரொம்ப நேரம் கை தட்டுனாங்க."

"போய் உக்காரு. நாலு விரற்கடதான் இருக்குது."

பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். காலையில் கணக்குப் போடாமல் போனவள் இப்போது போட்டாள். பத்து மணியிலிருந்து மூன்றேகால் வரை. அவள் இடத்தில் அம்மா, இதுதான் விடை. அது அவளுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது.

போய் உட்கார்ந்தாள். அப்பா மிதித்தார், அவள் இழுத்தாள். இன்று அவள் காதில் ஒயர் மாட்டவில்லை.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. திரிஷா. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் சுண்டுவிரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"காவேரி! சார் பக்கத்துலதான் இருக்காரு, லிஸ்ட் இப்பவே குடுக்கணும். வேலூர்ல காலேஜுங்களுக்கு நடுவுல பட்டிமன்றம். நம்ம காலேஜுல ஃபர்ஸ்ட் இயர்ல ஒருத்தர்தான். சார் உன் பேரச் சொல்றாரு. நாளையிலேர்ந்து பதினேழு நாளு, தினம் அஞ்சரை வரைக்கும் பிராக்டிஸ். ஒரு நாள்கூடக் கட் அடிக்கக் கூடாது. உன்னால முடியலேன்னா இளவரசன் பேரு எழுதிடுவோம். சொல்லு, வர்றியா?"

சபாபதியின் கால் மிதி மேலேயே நின்றுவிட்டது. சின்ன வீடு, திரிஷாவுக்குப் பெரிய குரல். அறைக்குள்ளும் கேட்டிருக்கும்.

நாளை ஒரு நாள் தறிக்கு லீவு. அதற்குப் பிறகு பதினாறு நாள். பதினாறு மதியம் இந்த இடம் காலியாக இருக்கும். காலியாக விட மாட்டார்கள் என்பதும், யார் வந்து உட்காருவார்கள் என்பதும் இங்கே இருக்கிற மூன்று பேருக்கும் தெரியும்.

'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ மேசைகளில் சொல்லிப் பழகிய வாக்கியம்.

"வரேங்க்கா" என்றாள் காவேரி.

"சூப்பர்!" என்றது போன். அடங்கியது.

சபாபதி மகளைப் பார்க்கவில்லை. "எத்தினி நாளுன்னு சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

"பதினேழுப்பா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். என்ன அர்த்தத்தில் ஆட்டினார் என்று தெரியவில்லை.

"ஒத்துக்கினியாடி?" அறையிலிருந்து அம்மாவின் குரல்.

"ஒத்துக்கினேம்மா."



"சரி" என்றாள் தையல்நாயகி. சுவர்ப் பக்கம் திரும்பினாள். கழுத்து திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளோடும் இடுப்போடும் மொத்த உடம்பையும் சேர்த்து மெல்லத் திருப்பினாள். கதவு திறந்திருந்ததால் காவேரி எல்லாவற்றையும் பார்த்தாள்.

மடியில் போனின் வெளிச்சம் இன்னும் அணையவில்லை. திரிஷாவின் பெயர் தெரிந்தது. ஒரு தடவை தொட்டு, முடியாது என்று சொல்லிவிடலாம்.

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் ஒரு நூல் அதிகமாக இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழம மத்தியானம் யாரு உக்கார்றது?" என்று கேட்டார் சபாபதி. அவளைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

போனின் வெளிச்சம் தானாக அணையும் வரை காவேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். தொடவில்லை.